ஆண்டுக்கு 730 ஊசி: நீர்வேலியில் ஓர் இன்சுலின் கணக்கு

கிளினிக் மாதத்துக்கு ஒரு நாள், ஆண்டுக்கு 12 நாள். காலையும் இரவும் இன்சுலின் போடும் ஒருவருக்கு வீட்டில் ஆண்டுக்கு 730 ஊசி. அந்த 730இல் ஒன்றைக்கூட டொக்டரோ மிசியோ கண்ணால் காண்பதில்லை. அளவை எழுதித் தருவது ஆஸ்பத்திரி. அதை அளந்து எடுத்து ஏற்றுவது வீடு. யாழ்ப்பாண நகரிலிருந்து பருத்தித்துறை வீதியால் சுமார் 10 கிலோமீற்றர் வந்தால் நீர்வேலி. வாழைக்குலையை நிறுத்து விற்கும் ஊர். கிலோவும் விலையும் எழுதும் கணக்குக் கொப்பி இங்கே பல வீடுகளுக்குப் பழகிய பொருள். இன்சுலினுக்கும் அப்படியொரு கொப்பி வேண்டும் என்பதற்காகவே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கிறேன்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா. காலை 24 யூனிற், இரவு 16 யூனிற், 30/70 கலவை இன்சுலின். நாளுக்கு 40. இது கணக்குப் பார்க்க வைத்த அளவு, எவருடைய கிளினிக் கொப்பியிலிருந்தும் எடுத்ததல்ல. இன்சுலின் அளவு ஆளுக்கு ஆள் மாறும். அதே ஆளுக்கே நிறை, சாப்பாடு, சிறுநீரகம், வேலை என்பவற்றால் மாறும். உங்கள் அளவு உங்கள் கொப்பியில் டொக்டர் எழுதியது மட்டும்தான்.

இப்படியான வீடுகள் அரிதும் அல்ல. 2005–06இல் இலங்கையில் நடந்த பெரிய நீரிழிவு ஆய்வு, 20 வயதுக்கு மேற்பட்டோரில் 10.3 வீதமானோருக்குச் சீனி வருத்தம் என்று கண்டது. அந்த ஆய்வு 9 மாகாணங்களில் 7இல் மட்டுமே நடந்தது. போர் காரணமாக வடக்கும் கிழக்கும் அதில் இல்லை, ஆகவே அந்த 10.3க்குள் நீர்வேலி இல்லை. 2018–19இல் நடந்த அடுத்த பெரிய ஆய்வில் வயது வந்தோரில் 23 வீதம் என்று வந்தது. எல்லோரும் ஊசி போடுபவர்கள் அல்ல. பெரும்பான்மையோர் குளிசையில் இருக்கிறார்கள். ஆனால் குளிசையில் தொடங்கி ஆண்டுகள் போகப் போக இன்சுலினுக்கு வருவோர் கணிசம்.

முதலில் போத்தல். ஆஸ்பத்திரி தரும் சின்னப் போத்தலில் 10 மில்லிலீற்றர், மில்லிலீற்றருக்கு 100 யூனிற், ஆக 1000 யூனிற். நாளுக்கு 40 என்றால் 25 நாள். ஆண்டுக்கு 14,600 யூனிற், 15 போத்தல். இதில் உண்மையான இன்சுலின் எவ்வளவு? ஒரு யூனிற் 0.0347 மில்லிகிராம். 14,600 யூனிற்றையும் கூட்டினால் ஏறத்தாழ அரைக் கிராம். ஓர் ஆளை ஓர் ஆண்டு நடமாட வைக்கும் மருந்தின் மொத்த நிறை அவ்வளவுதான். மிச்சம் தண்ணீரும் பக்குவப் பொருட்களும். இவ்வளவு சின்ன நிறையில் கைப்பிழைக்கு இடமே இல்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த வரிகளைப் பார்க்க வேண்டும்.

திறந்த போத்தலுக்கு ஆயுள் உண்டு. பொதுவாகச் சொல்லும் எல்லை 28 நாள். சில கம்பனிகள் 6 கிழமை என்று எழுதுகின்றன, பெட்டிக்குள் இருக்கும் தாளில் பார்க்கலாம். 28 நாளை வைத்து 1000ஐப் பிரித்தால் 35.7 வரும். நாளுக்கு 36 யூனிற்றுக்குக் குறைவாகப் போடும் எவரும் ஒரு போத்தலை 28 நாளுக்குள் முடிக்க மாட்டார். நாளுக்கு 20 போடுபவர் 28 நாளில் 560ஐ எடுப்பார், 440 மிஞ்சும். ஆண்டில் 13 போத்தல் திறந்தால் 5,720 யூனிற் ஊற்றப்பட வேண்டியது. "இலவசமாகத் தந்ததை ஊற்றுறதே?" என்று வயதானவர்கள் மனம் பொறுக்காமல் மாதக்கணக்கில் அதே போத்தலை வைத்திருப்பதுண்டு. அந்த மனம் எனக்கு விளங்குகிறது. மருந்துக்குத் தவித்த மண் இது. ஆனாலும் பழைய போத்தல் மிச்சமல்ல. வீரியம் குறைந்த 20 யூனிற் 20 ஆக வேலை செய்யாது, சீனி ஏறும், அடுத்த கிளினிக்கில் டொக்டர் அளவைக் கூட்டுவார், பிறகு புதுப் போத்தல் திறக்கும் நாளில் கூட்டிய அளவு முழு வீரியத்துடன் உள்ளே போகும். போத்தலைத் திறந்த அன்று திகதியை அதன் மேலேயே பேனாவால் எழுதினால் இந்தச் சிக்கல் முளையிலேயே போய்விடும்.

அடுத்தது சிறிஞ். கணக்கில் உயிரோடு விளையாடும் வரி இதுதான், ஆகவே கொஞ்சம் நின்று பார்க்கிறேன்.

100 யூனிற் இன்சுலினுக்கு உரிய சிறிஞ்சின் மூடி செம்மஞ்சள். அதில் 1 மில்லிலீற்றர் சிறிஞ் 100 யூனிற்றைக் காட்டும். பெரும்பாலும் ஒரு கோட்டுக்கு 2 யூனிற். அரை மில்லிலீற்றர் சிறிஞ் 50 யூனிற்றைக் காட்டும். ஒரு கோட்டுக்கு 1. எழுதித் தந்த அளவு 15 என்றால் பெரிய சிறிஞ்சில் அது 14க்கும் 16க்கும் நடுவில் கோடில்லாத இடத்தில் நிற்கும். கண் மங்கிய ஒருவர் அங்கே ஊகித்துத்தான் நிறுத்துவார். 50க்கு உட்பட்ட அளவு போடுபவர்கள் அரை மில்லிலீற்றர் சிறிஞ்சைக் கேட்டு வாங்குவது நல்லது. காய்ச்சல் ஊசி போடும் சாதாரண 2 மில்லிலீற்றர் சிறிஞ்சில் ஒரு கோடு 0.1 மில்லிலீற்றர், அதாவது 10 யூனிற். அதில் 24ஐ அளக்கவே முடியாது. இன்சுலின் சிறிஞ் கிடைக்கவில்லை என்று அதைக் கையில் எடுக்கக்கூடாது.

இனி இந்தியக் கணக்கு. இந்தியாவில் இன்னும் மில்லிலீற்றருக்கு 40 யூனிற் கொண்ட போத்தல் பரவலாக விற்பனையாகிறது. அதற்கென்று சிவப்பு மூடிச் சிறிஞ். 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது. 2023 ஒக்டோபரில் காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. வைத்தியத்துக்கென்று திருச்சிக்கும் சென்னைக்கும் போய் வருவோர் எங்கள் ஊர்களில் உண்டு. அங்கே எழுதிய மருந்தும் அங்கே வாங்கிய சிறிஞ்சும் பையோடு வரும். இங்கே போத்தல் 100, பையில் சிறிஞ் 40 என்று கலந்துவிட்டால் கணக்கு இப்படிப் போகும்:

இலங்கைப் போத்தல், சிவப்பு மூடிச் சிறிஞ்சில் 24 என்ற கோடு: 0.6 மில்லிலீற்றர், உள்ளே போவது 60 யூனிற்.
இந்தியப் போத்தல், செம்மஞ்சள் மூடிச் சிறிஞ்சில் 24 என்ற கோடு: 0.24 மில்லிலீற்றர், உள்ளே போவது 9.6 யூனிற்.

முதலாவதில் இரண்டரை மடங்கு. காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு தோட்டத்தில் நிற்கும் ஒருவர் மத்தியானத்துக்குள் மயங்கி விழ இது போதும். இரண்டாவதில் பாதிக்கும் குறைவு; சீனி நாள்கணக்கில் ஏறிக்கொண்டே போகும், காரணம் பிடிபடாது. இரண்டு பிழையிலும் அந்த அம்மா 24 என்ற கோட்டைச் சரியாகத்தான் பார்த்திருப்பார். இங்கிலாந்து 1983இல் எல்லாவற்றையும் 100க்கு மாற்றி இந்தக் குழப்பத்தை முடித்துக்கொண்டது. நாம் ஒரு கடலை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு கணக்கோடும் வாழ்கிறோம். வீட்டுக்குள் ஒரு வகைச் சிறிஞ்சுக்கு மேல் இருக்கக்கூடாது. பையில் வந்த சிவப்பு மூடிகளை வீணென்று பாராமல் அகற்றிவிடுங்கள்.

கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வருவது வேறு சாமான்: இன்சுலின் பேனா. பேனாவுக்குள் 3 மில்லிலீற்றர், பொதுவாக 300 யூனிற். ஆனால் மில்லிலீற்றருக்கு 200உம் 300உம் கொண்ட பேனாக்களும் உண்டு. பேனாவிலிருந்து சிறிஞ்சால் மருந்தை உறிஞ்சி எடுத்தால் மேலே சொன்ன இரண்டரை மடங்குக்குப் பதிலாக மூன்று மடங்கு வரலாம். அதோடு பேனாவில் ஒவ்வொரு தரமும் முதலில் 2 யூனிற்றை வெளியே தள்ளிப் பார்க்க வேண்டும். 730 தரம் என்றால் 1,460 யூனிற், ஏறத்தாழ 5 பேனா. அன்பளிப்பாக வந்த பேனாக்களை எண்ணி எத்தனை மாதத்துக்குக் காணும் என்று பார்க்கும்போது இந்த ஐந்தையும் கழித்துப் பார்க்க வேண்டும். வெளிநாட்டுப் பேனா எதையும் கிளினிக்கில் காட்டாமல் தொடங்க வேண்டாம். பெயர் ஒன்றுபோல இருந்தாலும் வேலை செய்யும் நேரம் வேறாக இருக்கும்.

பேனா வரும் நகரங்களில் ஒன்றான ரொறன்ரோவில்தான் இந்த மருந்தே பிறந்தது. 1922 ஜனவரி 11இல் லெனார்ட் தொம்சன் என்ற பையனுக்கு முதல் ஊசி போட்டார்கள். 15 மில்லிலீற்றர், பிட்டத்தின் ஒவ்வொரு பக்கமும் 7.5 மில்லிலீற்றர். கலங்கிய கபிலநிறச் சாறு. இரத்தச் சீனி 440இலிருந்து 320க்கு மட்டுமே இறங்கியது, ஊசி போட்ட இடத்தில் கட்டி வந்தது. ஜேம்ஸ் கொலிப் சாற்றைச் சுத்தப்படுத்திக் கொடுத்தபின் ஜனவரி 23இல் மறுபடியும் போட்டார்கள். 520 ஆக இருந்தது 120க்கு வந்தது. எங்கள் அம்மாவின் காலை ஊசி 0.24 மில்லிலீற்றர். தொம்சனுக்கு அன்று ஏற்றியது அதைப் போல 62 மடங்கு. பான்ரிங், பெஸ்ட், கொலிப் மூவரும் காப்புரிமையை ஆளுக்கு 1 டொலருக்குப் பல்கலைக்கழகத்திடம் கொடுத்துவிட்டார்கள். அந்த 3 டொலரைப் பிறகு விலைக் கணக்கில் திரும்பப் பார்க்க வேண்டி வரும்.

உடம்பில் எவ்வளவு ஆழம்? ஊசி போடும் இடங்களில் தோலின் தடிப்பு சராசரியாக 1.9 முதல் 2.4 மில்லிமீற்றர். ஆள் மெலிவோ கொழுப்போ, இதில் பெரிய வித்தியாசமில்லை. மருந்து போய்ச் சேர வேண்டியது தோலுக்குக் கீழே உள்ள கொழுப்புக்கு. 4 மில்லிமீற்றர் பேனா ஊசி ஏறக்குறைய எல்லோருக்கும் போதும் என்பது இதனால்தான். சிறிஞ்சின் ஊசி பெரும்பாலும் 6 அல்லது 8 மில்லிமீற்றர். மெலிந்தவர்கள் தோலை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து 45 பாகை சரித்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் தசைக்குள் போகும். தசைக்குள் போனால் மருந்து வேகமாக ஏறும்; சாப்பாடு வரும் முன்னே சீனி இறங்கும்.

வயிறு, தொடை, பிட்டம், மேற்கை: இடம் இவ்வளவுதான். வயிற்றில் தொப்புளைச் சுற்றி இரண்டு விரல் அகலம் விட வேண்டும். வயிற்றை நான்காகப் பிரித்து ஒரு கிழமைக்கு ஒரு பங்கு என்று வைத்தால் ஒரு பங்கில் 14 ஊசி. ஒன்றுக்கொன்று குறைந்தது 1 சென்ரிமீற்றர் விட்டால், ஏழு ஏழாக இரண்டு வரிசைக்கு 6 சென்ரிமீற்றர் நீளமும் 1 சென்ரிமீற்றர் அகலமும் போதும். இடம் தாராளம். இருந்தும் பலர் நோகாத ஒரே இடத்தில் போடுவார்கள். நோகாத இடம் ஏன் நோகவில்லை? அங்கே கொழுப்புக் கட்டியாகித் தடித்துவிட்டது. ஸ்பெயினில் 430 பேரைத் தடவிப் பார்த்து 2013இல் வெளியிட்ட ஆய்வில் 64.4 வீதமானோருக்கு இந்தக் கட்டி இருந்தது. கட்டி உள்ளவர்கள் நாளுக்குச் சராசரி 56 யூனிற்றும் இல்லாதவர்கள் 41 யூனிற்றும் போட்டார்கள். வித்தியாசம் 15. ஆண்டுக்கு 5,475 யூனிற், ஐந்தரைப் போத்தல். கட்டிக்குள் போகும் மருந்து ஒரு நாள் ஏறும், ஒரு நாள் ஏறாது. கிளினிக்கில் டொக்டர் கொப்பியைப் பார்த்து அளவைக் கூட்டுவதற்கு முன், சட்டையை உயர்த்தி வயிற்றைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். நெருக்கடியான கிளினிக்கில் அது விடுபட்டுப் போகும். கேட்பது உங்கள் உரிமை. கட்டியைக் கண்டு இடம் மாற்றினால் பழைய அளவு திடீரென்று கூடுதலாகிவிடும், ஆகவே அதையும் டொக்டரிடம் சொல்லித்தான் செய்ய வேண்டும்.

போடும் முறை. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். கலவை இன்சுலின் போத்தலை உள்ளங்கைகளுக்கிடையில் 10 தரம் உருட்டி, 10 தரம் தலைகீழாகத் திருப்ப வேண்டும், குலுக்கக்கூடாது. 24 யூனிற்றில் 7.2 தெளிந்த வகை, 16.8 கலங்கிய வகை. உருட்டாவிட்டால் அடியில் படிந்தது அங்கேயே நிற்கும், அந்த 7.2க்கும் 16.8க்கும் அர்த்தமில்லை. உருட்டிய பின்னும் திட்டுத்திட்டாக நின்றால் அந்தப் போத்தல் வேண்டாம். தெளிந்ததும் கலங்கியதும் தனித்தனிப் போத்தலில் தந்து ஒரே சிறிஞ்சில் கலக்கச் சொல்லியிருந்தால், தெளிந்ததை முதலில் எடுக்க வேண்டும், கலங்கியதைப் பிறகு. எடுக்கும் அளவுக்குச் சமமான காற்றை முதலில் போத்தலுக்குள் தள்ளினால் மருந்து இலகுவாக வரும். காற்றுக்குமிழி உள்ளே போனால் ஆள் செத்துப் போவார் என்ற பயம் தேவையில்லை. கொழுப்புக்குள் போகும் காற்று ஆபத்தானதல்ல. ஆனால் குமிழி இடத்தைப் பிடிக்கும். இரவு 16இல் 2 யூனிற் அளவு குமிழி என்றால் 12.5 வீத மருந்து குறைவு. தட்டி மேலே ஏற்றி வெளியே விடுங்கள். தோல் சுத்தமாக இருந்தால் ஸ்பிரிட் கட்டாயமில்லை. பூசினால் காய விடுங்கள்.

போட்டு 30 நிமிடத்தில் சாப்பாடு. கலவை இன்சுலினின் தெளிந்த பகுதி வேலை தொடங்க ஏறத்தாழ அவ்வளவு நேரம் எடுக்கும். பிட்டு இன்னும் நீத்துப்பெட்டியில் இருக்கும்போதே போட்டுவிட்டு, வாசலில் வந்தவரோடு கதைத்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் போவது எங்கள் வீடுகளில் நடக்கக்கூடியது. சாப்பாடு கண்ணுக்கு முன் தயாராகும் நிலையில் போடுங்கள்.

இந்தச் சம்பாசணையையும் கேட்டிருப்பீர்கள்:

"அம்மா, ஊசி போட்டாச்சோ?"
"போட்டனான் எண்டுதான் நினைக்கிறன் தம்பி."

நினைப்பில் நம்பி இரண்டாம் தரம் போட்டால் 24 என்பது 48. போடாமல் விட்டால் ஒரு வேளை சீனி ஏறும். அதைப் பின்னர் சரிப்படுத்தலாம். 48 அந்த அம்மாவை அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும். சந்தேகம் இருந்தால் திரும்பப் போட வேண்டாம். சீனியைப் பார்த்து, கிளினிக்கில் சொன்னபடி செய்யுங்கள். விட்டுப்போன வேளைக்காக அடுத்த வேளையில் இரட்டிப்பாகப் போடுவதும் கூடாது. கணக்குக் கொப்பி என்று தொடக்கத்தில் சொன்னது இதற்குத்தான். நாளுக்கு இரண்டு கட்டம், போட்டதும் ஒரு சரி அடையாளம், பக்கத்தில் இடம்: வயிறு வலம், தொடை இடம். ஆண்டுக்கு 730 அடையாளம். நாற்பது பக்கக் கொப்பி காணும்.

சீனி இறங்கினால்: 70 மில்லிகிராமுக்குக் கீழே போனதும் செயலில் இறங்க வேண்டும். 54க்குக் கீழே போனால் கடுமை. கை நடுக்கம், வேர்வை, திடீர்ப் பசி, தலைக் கலக்கம், சிலருக்குக் காரணமில்லாத கோபம். மட்டமாக மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் பொறுத்து மறுபடி பாருங்கள். 70க்கு மேலே வரவில்லையென்றால் இன்னொரு தரம். சொக்லேற் இதற்குச் சரிவராது. அதிலுள்ள கொழுப்பு சீனியைத் தாமதமாக்கும். சீனி வருத்தக்காரர் வீட்டில் சீனி இருக்கக்கூடாது என்று அதை முற்றாக அகற்றிவிடும் பிள்ளைகள் இந்த மூன்று தேக்கரண்டியை நினைத்துப் பார்க்க வேண்டும். ஆள் நினைவிழந்துவிட்டால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, புரைக்கேறும். சரித்துப் படுக்க வைத்து 1990ஐ அழையுங்கள். அந்த இலவச அம்புலன்ஸ் சேவை 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி 2018இல் வடக்குக்கு வந்தது. இலக்கத்தைக் கொப்பியின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதுங்கள்.

விரதம் இந்தக் கணக்கின் இன்னொரு பக்கம். கந்தசஷ்டி 6 நாள், 12 ஊசி. நல்லூர்த் திருவிழா 25 நாள். ஒரு நேரம் மட்டும் சாப்பிடுவோர் பலர். சாப்பாட்டுக்கு எழுதிய அளவைச் சாப்பிடாத வயிற்றில் போட முடியாது. அதற்காக இன்சுலினை முழுதாக விடவும் முடியாது. சிறு வயதிலேயே வரும் முதல் வகை நீரிழிவுக்காரர் நிறுத்தினால் உயிராபத்து. கொடியேறும் முன்பு வரும் கிளினிக்கில் "நான் விரதம் பிடிக்கப் போறன்" என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். ஏசுவார்கள் என்று மறைத்துப் பிடிக்கும் விரதம்தான் ஆபத்தானது. வைத்தியர்களிடமும் ஒரு வேண்டுகோள்: ஏசாமல் கேளுங்கள். ஏசினால் மறைப்பார்கள்.

வெக்கை. திறக்காத போத்தலுக்கு 2 முதல் 8 பாகை, பிறிட்ஜின் நடுத்தட்டு. உறைந்துபோன போத்தல் இளகினாலும் உதவாது. பாவனையில் உள்ளது வீட்டு வெப்பத்தில் இருக்கலாம், வெயில் படக்கூடாது. பிறிட்ஜ் இல்லாத வீட்டுக்கும் பிறிட்ஜ் ஓடாத நாளுக்கும் கணக்கு வேறு. 1990இல் போரோடு குடாநாட்டுக்கு வந்த மின்சாரம் நின்றது. பிறிட்ஜ் வைத்திருந்த வீட்டிலும் அது வெறும் அலுமாரியானது. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுதும் தென்மராட்சி நோக்கி நடந்தபோது நீர்வேலியும் நடந்தது. அந்தக் கூட்டத்தில் இன்சுலின் போடுபவர்களும் இருந்தார்கள். 2022 மார்ச் முடிவில் போர் இல்லாமலே நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. ஈரமண் நிறைந்த மண்சட்டிக்குள் இன்னொரு சட்டியை வைத்து, போத்தலை உறையில் போட்டு அதற்குள் வைப்பது பழைய வழி. அதற்கு இப்போது எண்ணிக்கையும் இருக்கிறது. எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவாப் பல்கலைக்கழகமும் கென்யாவின் தடாப் அகதி முகாமில் வெப்பத்தைப் பதிந்து, அதேபோல 25க்கும் 37க்கும் இடையில் ஏறி இறங்கும் வெப்பத்தில் இன்சுலினை 4 கிழமை வைத்துச் சோதித்தன. 2021இல் வெளியான முடிவு: வீரியத்தில் இழப்பு 1 வீதத்துக்கு மேல் இல்லை. ஆகவே கரண்ட் போன ஓர் இரவுக்காகப் போத்தலை எறிய வேண்டாம். சித்திரை, வைகாசி வெயிலில் மோட்டார்சைக்கிள் பெட்டிக்குள் விட்டுவிட்டுச் சந்தைக்குள் போவதுதான் கெடுதல்.

இனிப் பணம். அரச ஆஸ்பத்திரியில் 15 போத்தலுக்கும் நோயாளி கொடுப்பது 0 ரூபா. அந்தப் பூச்சியத்துக்குப் பின்னால் நாடு கொடுக்கும் தொகை இருக்கிறது. 2018இல் வெளியான ஒரு மதிப்பீடு, மனித இன்சுலினை நியாயமான இலாபத்தோடு ஆளொருவருக்கு ஆண்டுக்கு 48 முதல் 71 டொலருக்குக் கொடுக்கலாம் என்றது. 2022 தொடக்கத்தில் டொலர் சுமார் 200 ரூபா: 9,600 முதல் 14,200 வரை. அதே ஆண்டு வைகாசியில் டொலர் 360: 17,280 முதல் 25,560 வரை. மருந்து அதே அரைக் கிராம். அமெரிக்காவில் ஒரு போத்தல் நவீன இன்சுலின் 1996இல் 21 டொலருக்கு விற்றது, 2017இல் 275 டொலர் ஆனது. 15 போத்தல் 4,125 டொலர். ரொறன்ரோவில் மூன்று டொலருக்குக் கைமாறிய உரிமையிலிருந்து தொடங்கியது 2017இல் அங்கே வந்து நின்றது. எங்கள் பூச்சிய ரூபாவை நான் பெரிய சாதனையாகவே பார்க்கிறேன்.

வீட்டுக் காசு போவது வேறு சாமான்களுக்கு. சீனி பார்க்கும் ஸ்ட்ரிப் நாளுக்கு இரண்டு என்றால் ஆண்டுக்கு 730. 50 கொண்ட டப்பா 15. அது பெரும்பாலும் வெளியே வாங்க வேண்டியது, அதனால்தான் பல வீடுகளில் மீற்றர் அலுமாரிக்குள் தூங்குகிறது. கிழமைக்கு மூன்று தரம் பார்த்தாலே 156 ஸ்ட்ரிப், மூன்று டப்பாவும் கொஞ்சமும். எந்த நாள், எந்த நேரம் பார்த்தால் கூடப் பயன் என்று கிளினிக்கில் கேட்டுப் பிரித்துக்கொள்ளலாம். சிறிஞ்சும் சில வேளை ஆஸ்பத்திரியில் கிடைக்கும், சில வேளை பாமசியில் வாங்க வேண்டும். ஒன்றை ஐந்து தரம் பாவித்தால் 584 சிறிஞ் மிச்சம் என்று கணக்குச் சொல்லும். ஒரு தரம் ஏறி இறங்கியதும் ஊசி நுனி மழுங்கத் தொடங்கும், வழுவழுப்புப் பூச்சு போகும், மேலே சொன்ன கட்டி வளரும். அந்தக் கட்டி ஆண்டுக்கு ஐந்தரைப் போத்தலைத் தின்னும். ஒரு தரம் பாவிக்கவே செய்தது அது. காசில்லாமல் திரும்பப் பாவிக்க வேண்டி வந்தால் வெட்கப்படாமல் மிசியிடம் சொல்லுங்கள், வழி பார்ப்பார்கள். ஆனால் ஒருவருடைய ஊசியையோ பேனாவையோ இன்னொருவர் தொடுவதற்கு எந்த நிலையிலும் இடமில்லை. கணவனும் மனைவியும் என்றாலும்தான்.

கடைசி வரி, போட்டு முடிந்த 730 ஊசி. குப்பையோடு வாழைத்தோட்டத்தின் ஓரக் கிடங்குக்குப் போனால் அங்கே வெறுங்காலோடு கொத்துபவர் குத்துப்படுவார். கிருமி உள்ள இரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு செங்கமாரி பி வகைக்கு 30 வீதம் வரை, சி வகைக்கு ஏறத்தாழ 2 வீதம், எச்.ஐ.வி.க்கு 0.3 வீதம். மூடியைத் திரும்பப் போட முயலும்போதுதான் சொந்த விரலில் குத்துவது. மூடாமல் அப்படியே கெட்டியான பிளாஸ்ரிக் போத்தலுக்குள் போடுங்கள். முக்கால் பங்கு நிரம்பியதும் மூடியை இறுக்கி ஒட்டி, மேலே 'ஊசி' என்று எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். ஒரு பகுதியில் 100 பேர் இப்படி ஊசி போட்டால் ஆண்டுக்கு 73,000. இந்த எண்ணிக்கையை ஒவ்வொரு வீட்டின் கவனத்திலும் மட்டும் விட்டுவிட முடியாது. கோப்பாயிலும் அச்சுவேலியிலும் உள்ள அரச வைத்தியசாலைகளின் கிளினிக் வாசலில் நிரம்பிய போத்தலைக் கொடுத்துவிட்டுப் போக ஒரு பெட்டி வேண்டும். அதைக் கிழமைதோறும் எடுத்து ஆஸ்பத்திரி ஊசிகளோடு சேர்த்து அழிக்க ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும். வலிகாமம் கிழக்குப் பிரதேச சபையிடமும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் எழுத்தில் கேட்க வேண்டிய விடயம் இது. நோயாளர்கள் ஒன்றுசேர்ந்து, 73,000 என்ற எண்ணை மேலே போட்டு, அந்தக் கடிதத்தை எழுதலாம்.